கேபிள், வைஃபை, ஹாட்ஸ்பாட்: வீட்டுக் கணினியில் இணைப்பு மாற்றும்போது வரும் சிக்கல்களும் தீர்வும்

வீட்டுக் கணினிக்கு இன்று ஒரே ஓர் இணைய வழி மட்டும் இருப்பது அரிது. ரூட்டரிலிருந்து வரும் கேபிள், அதே ரூட்டரின் வைஃபை, அவசரத்துக்குக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட். சில வீடுகளில் இரண்டாவதாக ஒரு பிராட்பேண்ட் இணைப்பும் உண்டு. ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் வைத்திருக்கிறோம். ஆனால் மாற வேண்டிய அந்த நேரத்தில்தான் கணினி முரண்டு பிடிக்கிறது. பிள்ளையின் ஆன்லைன் தேர்வுக்கு நடுவில் இப்படி ஆகும்போது மனம் எப்படிப் பதறும் என்பதை அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ, அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கணினியில் ஒரே சமயத்தில் மூன்று இணைப்புகள் உயிரோடு இருக்கலாம். ஆனால் வெளியுலகுக்குப் போகும் தரவு சாதாரணமாக அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் போகும். இணைந்திருப்பது வேறு, சுமந்து செல்வது வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

முதலில்: எது சுமக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸில் தொடக்கப் பொத்தானை அழுத்தி, சிஎம்டி (cmd) என்று தேடினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பத்தி வரும். அதில் பார்க்க வேண்டியவை இரண்டே வரிகள்: ஐபிவி4 முகவரி, டீஃபால்ட் கேட்வே. கேட்வே என்பது வீட்டு வாசல் மாதிரி; அது காலியாக இருந்தால் அந்த இணைப்பில் வெளியே போக வழியில்லை என்று பொருள்.

முகவரியைப் பார்த்தே சில விஷயங்களைச் சொல்லிவிடலாம். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி எதுவும் கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 172.20.10 என்று தொடங்கினால் அநேகமாக ஐஃபோன் ஹாட்ஸ்பாட். 192.168.137 என்றால் இன்னொரு விண்டோஸ் கணினி தன் இணைப்பைப் பகிர்கிறது. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தரும். எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைப் போல் உதவுவது வேறெதுவும் இல்லை.

அறிகுறி: பிராட்பேண்ட் நின்றுவிட்டது. ஹாட்ஸ்பாட்டை இணைத்தாயிற்று, ஆனாலும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை

என்னிடம் உதவி கேட்டு வருபவர்களில் அதிகம் பேர் சொல்வது இதைத்தான். கைப்பேசியில் இணையம் ஓடுகிறது. கணினியிலும் ஹாட்ஸ்பாட் பெயருக்குக் கீழே இணைந்தது என்றே காட்டுகிறது. ஆனால் உலாவி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பெரும்பாலும் காரணம், கேபிள் இன்னும் செருகியிருப்பதுதான். தெருவில் எங்கோ கம்பி அறுந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ரூட்டருக்கு மின்சாரம் இருக்கிறது, அது கணினிக்கு முகவரியும் கேட்வேயும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கணினியின் பார்வையில் கேபிள் வழி நலமாக இருக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு வழிக்கும் மெட்ரிக் என்று ஓர் எண்ணைக் கொடுக்கிறது; எண் குறைந்த வழிக்கே முன்னுரிமை. இந்த எண்ணை இணைப்பின் வகையையும் வேகத்தையும் வைத்துத் தானே தீர்மானிக்கிறது. ஜிகாபிட் கேபிளுக்கு 25, 100 மெகாபிட் கேபிளுக்கு 35 என்று கிடைக்கும். வீட்டு வைஃபைக்குப் பொதுவாக அதைவிடக் கூடுதலான எண். ஆகவே கேபிள் இருக்கும்வரை தரவு கேபிளுக்கே போய், ரூட்டரோடு நின்றுவிடுகிறது. ஹாட்ஸ்பாட் பக்கத்தில் சும்மா காத்திருக்கிறது.

உடனடித் தீர்வு எளிது: கேபிளைப் பிடுங்குங்கள். பின்னால் கை போகாத இடத்தில் கணினி இருந்தால், செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் போய், ஈதர்நெட் என்ற வரிக்கு எதிரே டிஸேபிள் கொடுங்கள். பிராட்பேண்ட் திரும்பியதும் மறக்காமல் எனேபிள் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் கேபிள் வேலை செய்யவில்லை என்று சேவை மையத்துக்கு ஃபோன் செய்பவர்களில் சிலர் முந்தின இரவு இதைச் செய்து மறந்தவர்கள்.

அடிக்கடி இப்படி மாற வேண்டியிருக்கிறது என்றால் மெட்ரிக் எண்ணை நீங்களே கொடுத்துவிடலாம். நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பட்டியலில் அந்த இணைப்பின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்டீஸ், இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4, மீண்டும் ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு. கீழே ஆட்டோமேட்டிக் மெட்ரிக் என்ற குறியை எடுத்துவிட்டு, முதலில் போக வேண்டிய வழிக்கு 10, மற்றதற்கு 50 என்று எழுதுங்கள். வெர்ஷன் 6 என்ற வரியிலும் இதையே செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் சில தளங்கள் ஒரு வழியிலும் சில தளங்கள் வேறு வழியிலும் போய்க் குழப்பம் இரட்டிப்பாகும். இது முன்னுரிமையை மாற்றும் ஏற்பாடு மட்டும்தான். தெருவில் கம்பி அறுந்ததைக் கண்டுபிடித்துத் தானே தாவும் திறமையை இது கணினிக்குத் தராது.

மேக் கணினியில் இதே வேலைக்கு நெட்வொர்க் அமைப்பில் சர்வீஸ் ஆர்டர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முதலில் வேண்டியதை மேலே இழுத்துவிட்டால் போதும். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று எண் கொடுக்கிறது. இணையச் சோதனை இயங்கும் நிலையில் இருந்தால், வெளியே போக முடியாத இணைப்பின் எண்ணோடு 20000 கூட்டி, அதைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும். இந்த ஒரு விஷயத்தில் லினக்ஸின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அறிகுறி: கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகினேன். கணினியில் எதுவும் தோன்றவில்லை

கேபிளைச் சந்தேகியுங்கள். சில யுஎஸ்பி கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்துபவை. தரவுக்கான கம்பிகளே அவற்றுக்குள் இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். என் மேசை இழுப்பறையில் மூன்று கறுப்பு கேபிள்கள் ஒரே நீளத்தில் கிடந்தன. ஒருநாள் மாலை, முதல் இரண்டில் கைப்பேசி சார்ஜ் மட்டும் ஆனது. கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில், தொட்டாலும் அசையாமல் இருந்தது. மூன்றாவதைச் செருகிய மறுநொடி பொத்தானுக்கு உயிர் வந்தது. அன்றே அந்த மூன்றாவது கேபிளில் வெள்ளை நூல் ஒன்றைக் கட்டிவைத்தேன். நீங்களும் ஒரு நல்ல நாளில் சோதித்து அடையாளம் கட்டிவிடுங்கள்.

பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தால் கேபிள் அல்லது கணினியின் துளை. பொத்தானைத் தட்ட முடிகிறது, ஆனால் கணினியில் புதிய இணைப்பு வரவில்லை என்றால் டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருள். ஒவ்வொரு முறை கேபிளைக் கழற்றிச் செருகும்போதும் அந்தப் பொத்தானை மீண்டும் தட்ட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வைஃபை அணைக்கப்படாமல், செத்துப்போன வீட்டு ரூட்டரோடு இணைந்தே இருக்கும். யுஎஸ்பி டெதரிங்கில் கைப்பேசி தன் மொபைல் டேட்டாவை மட்டுமல்ல, தான் இணைந்திருக்கும் வைஃபையையும் பகிரும். நீங்கள் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, தரவு கைப்பேசியைச் சுற்றிக்கொண்டு அதே ரூட்டருக்கே போய் நிற்கிறது. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டா ஓடுகிறதா என்று கைப்பேசியிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகு கணினிக்கு வாருங்கள்.

அறிகுறி: ரூட்டரைத் தவிர்த்துவிட்டு மோடத்தின் கேபிளை நேராகக் கணினியில் செருகினேன். 169.254 என்று காட்டுகிறது

ரூட்டர் பழுதானால் பலரும் செய்வது இது. நியாயமான யோசனைதான், ஆனால் ரூட்டர் இதுவரை சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள் இப்போது கணினியின் தலையில் விழுகின்றன.

சில நிறுவனங்கள், மோடத்தோடு முதலில் பேசிய சாதனத்தின் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்; மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) நினைவில் வைத்துக்கொண்டு அதற்கு மட்டுமே வழிவிடும். மோடத்தின் மின்சாரத்தை முழுதாக நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்துக் கணினி செருகிய நிலையில் போடுங்கள். பெரும்பாலும் அது புதிய சாதனத்தை ஏற்றுக்கொள்ளும். ஏற்கவில்லை என்றால் நிறுவனத்திடம் சொல்லிப் பழைய பதிவை நீக்கச் சொல்ல வேண்டும்.

வேறு சில இணைப்புகளில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைய வேண்டும்; பிபிபிஓஇ என்பது அந்த முறையின் பெயர். அவை ரூட்டருக்குள் பதிவாகியிருந்ததால் நீங்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டீர்கள். விண்டோஸில் டயல்-அப் என்ற பகுதியில் பிராட்பேண்ட் இணைப்பு ஒன்றை உருவாக்கி அந்த இரண்டையும் கொடுத்தால் வேலை முடியும். அந்த விவரம் உள்ள தாளை இன்றே தேடி எடுத்து ரூட்டர் அருகில் வைத்துவிடுங்கள். பழுதான ரூட்டருக்குள் இருந்து அதைப் பின்னால் எடுப்பது எளிதல்ல.

நேராகச் செருகும்போது, வெளியுலகுக்கும் உங்கள் கணினிக்கும் இடையே ரூட்டரின் தடுப்பு இல்லை. விண்டோஸ் எந்த வகை நெட்வொர்க் என்று கேட்டால் பப்ளிக் என்றே தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: இணைப்பு மாறிவிட்டது, சின்னமும் சரியாக இருக்கிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை

கறுப்புத் திரையில் பிங் 8.8.8.8 (ping 8.8.8.8) என்று தட்டுங்கள். பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. எப்போதோ யாரோ சொல்லி, டிஎன்எஸ் முகவரியைக் கையால் எழுதிவைத்திருப்பீர்கள். அது பழைய ரூட்டரின் 192.168.1.1 ஆக இருந்தால், ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியபின் அந்த முகவரியில் பதில் சொல்ல ஆளே இல்லை. அந்த இணைப்பின் ஐபி அமைப்பைத் திறந்து, முகவரி, டிஎன்எஸ் இரண்டையும் தானாகப் பெறும்படி மாற்றுங்கள்.

பிங்குக்குப் பதில் வருகிறது, டிஎன்எஸ்ஸும் சரி, ஆனாலும் உலாவி திறக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ப்ராக்ஸி பகுதியைப் பாருங்கள்; ப்ராக்ஸி என்பது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைக்கணினி. அலுவலகத்துக்காக எழுதிய ப்ராக்ஸி முகவரி ஒன்று அங்கே இன்னும் குடியிருக்கலாம். அடுத்து விபிஎன், அதாவது தரவைப் பூட்டி வேறொரு கணினி வழியாக அனுப்பும் ஏற்பாடு. பல விபிஎன் மென்பொருட்களில் கில் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. தன் இணைப்பு அறுந்தால் மொத்த இணையத்தையும் அடைத்துவிடும். கேபிளிலிருந்து வைஃபைக்கு மாறும் நொடியில் விபிஎன் அறுகிறது, உடனே கதவு சாத்தப்படுகிறது. விபிஎன்னை முதலில் துண்டித்து, இணைப்பை மாற்றி, பிறகு மீண்டும் விபிஎன்னைத் தொடங்குவதே சரியான வரிசை.

இணையம் இல்லை என்பதைக் காட்டும் பூமிப்பந்து சின்னத்தை அப்படியே நம்ப வேண்டாம். விண்டோஸ் தன் நிறுவனத்தின் ஒரு முகவரியிலிருந்து மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட் என்ற ஒற்றை வரி உரையை எடுத்துப் பார்க்கிறது. அது கிடைக்காவிட்டால் இணையம் இல்லை என்று அறிவித்துவிடும். விபிஎன்னோ விளம்பரத் தடுப்பியோ அந்த ஒரு முகவரியை மறித்தாலும் பந்து தோன்றும், தளங்கள் திறந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி: சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன

இது பிபிபிஓஇ இணைப்புகளிலும் விபிஎன்னிலும் வரும். சாதாரணக் கேபிளில் ஒரு தரவுப் பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் முகப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 தான் மிஞ்சும். இந்தக் கணக்கை ரூட்டர் சரியாகச் சொல்லாவிட்டால் பெரிய பொட்டலங்கள் வழியில் காணாமல் போகும், சிறியவை வந்து சேரும். அதனால்தான் பக்கத்தின் தலைப்பு வருகிறது, படங்கள் வருவதில்லை. உலாவியில் திறக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) என்ற இடத்தில் 1492 என்று எழுதிப் பாருங்கள். விபிஎன்னில் மட்டும் வந்தால் அந்த மென்பொருளின் எம்டியூவை 1400 அளவுக்குக் குறையுங்கள்.

அறிகுறி: இணைப்பை மாற்றிய நொடியில் வீடியோ அழைப்பு அறுந்தது, பதிவிறக்கம் நின்றது, வங்கித் தளம் வெளியே தள்ளியது

இது பழுது இல்லை. ஒரு டிசிபி தொடர்பு (கணினியும் தளமும் பேசிக்கொள்ளும் வழக்கமான முறை) என்பது நான்கு விஷயங்களால் அடையாளம் காணப்படுகிறது: உங்கள் முகவரி, உங்கள் போர்ட் (தரவு எந்தச் செயலிக்கு என்று சொல்லும் எண்), எதிர்முனையின் முகவரி, அதன் போர்ட். வழி மாறினால் உங்கள் முகவரி மாறுகிறது. எதிர்முனைக்கு நீங்கள் முன்பின் அறியாத புது ஆள். வங்கித் தளங்கள் பாதுகாப்புக்காகவே அத்தகைய ஆளை மீண்டும் உள்நுழையச் சொல்கின்றன. 2021இல் தரப்படுத்தப்பட்ட குவிக் என்ற நெறிமுறை, முகவரி மாறினாலும் தொடர்பைத் தொடர வழி வகுத்திருக்கிறது. ஆனால் இரு முனைகளும் அதற்கு ஒத்துழைத்தால்தான் உண்டு.

ஆகவே பணம் செலுத்தும்போதோ தேர்வு விடைகளை அனுப்பும்போதோ இணைப்பை மாற்றாதீர்கள். ஆடிக்கொண்டிருக்கும் இணைப்பில் தேர்வைத் தொடங்குவதைவிட, தொடங்குவதற்கு முன்பே ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி அதிலேயே முடிப்பது எவ்வளவோ மேல். பணம் செலுத்தும் நடுவில் அறுந்துவிட்டால், மீண்டும் செலுத்துவதற்கு முன் கணக்கிலிருந்து தொகை போய்விட்டதா என்று பாருங்கள்.

அறிகுறி: மாறிய பிறகு பிரிண்டர் காணாமல் போய்விட்டது

பிரிண்டர் ரூட்டரில், கணினி ஹாட்ஸ்பாட்டில். இரண்டும் வேறு வேறு வீடுகள். இதற்கு அமைப்பு எதையும் மாற்ற வேண்டாம். அச்சிட வேண்டிய ஐந்து நிமிடம் ரூட்டருக்குத் திரும்புங்கள். ரூட்டரில் இணையம் இல்லாவிட்டாலும் அச்சு வேலை நடக்கும். ரூட்டரிலேயே இருந்தும் தெரியவில்லை என்றால், விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறீர்களா என்றும், அந்த நெட்வொர்க்கின் வகை பப்ளிக் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் சொந்த ரூட்டர் என்றால் பிரைவேட் என்று மாற்றலாம்.

அறிகுறி: கேபிளுக்குத் திரும்பினேன், வேகம் 100ஐத் தாண்டவில்லை

ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். அடிக்கடி பிடுங்கிச் செருகும் கேபிளில் முனையின் சிறு பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, ஒரு கம்பி சரியாகத் தொடாமல் போகும். இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடுகிறது. ஈதர்நெட் விவரத்தில் லிங்க் ஸ்பீட் 100 என்று இருந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

வைஃபைக்குத் திரும்பியபின் மந்தம் என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கும். துண்டித்து மீண்டும் இணைத்தால் பெரும்பாலும் 5க்கு ஏறும்.

அறிகுறி: ஹாட்ஸ்பாட்டில் போட்ட ஒரு மணி நேரத்தில் டேட்டா தீர்ந்துவிட்டது

இறங்கக் காத்திருந்த விண்டோஸ் அப்டேட்டும் மேகச் சேமிப்பும் ஹாட்ஸ்பாட்டையும் வீட்டு இணைப்பாகவே நினைத்து இழுத்துவிட்டன. ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்டீஸில் மீட்டர்டு கனெக்ஷன் (டேட்டாவுக்கு வரம்புள்ள இணைப்பு) என்பதைப் போடுங்கள். ஒருமுறை போட்டால் அந்தப் பெயருக்கு அது நிலைத்திருக்கும். கணினியில் அப்டேட் வாரக்கணக்கில் இறங்கவில்லை என்ற எதிர்ச் சிக்கல் வந்தால், வீட்டு வைஃபைக்கும் தவறுதலாக இதே குறி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிராட்பேண்ட் திரும்பிய பிறகும் கணினி ஹாட்ஸ்பாட்டையே நாடினால், ஹாட்ஸ்பாட் பெயருக்குத் தானாக இணைவது என்ற குறியை எடுத்துவிடுங்கள். அவசர வழி கையால் திறக்கும் வழியாகவே இருக்கட்டும்.

அறிகுறி: இரண்டு ரூட்டர்கள் இருக்கின்றன. 192.168.1.1 என்று தட்டினால் தவறான ரூட்டர் திறக்கிறது

இரண்டு பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களை இது மிகவும் அலைக்கழிக்கும். இரண்டு ரூட்டர்களும் தொழிற்சாலையிலிருந்து ஒரே முகவரியோடு வந்திருக்கின்றன. கேபிள் ஒன்றிலும் வைஃபை மற்றொன்றிலும் இருந்தால், ஒரே கதவு எண் கொண்ட இரண்டு வீடுகள் முன் நிற்கும் தபால்காரரின் நிலைதான் கணினிக்கு. முதல் ரூட்டரோடு மட்டும் இணைந்த நிலையில் அதன் பக்கத்தைத் திறந்து, உள் முகவரியை 192.168.5.1 என்று மாற்றிச் சேமியுங்கள். ரூட்டர் மீண்டும் தொடங்கும். அதோடு இணைந்த எல்லாச் சாதனங்களையும் ஒருமுறை துண்டித்து இணைக்க வேண்டும். கையால் முகவரி எழுதிய பிரிண்டர், கேமரா இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

முதலில் ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மீண்டும் போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது அமைப்பின் உட்கருவை அப்படியே வட்டில் சேமித்துவைப்பது. சிக்கிய டிரைவர் மறுநாளும் சிக்கிய நிலையிலேயே எழும். ரீஸ்டார்ட் மட்டுமே அதைப் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் அசையாவிட்டால் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் அடியில் நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. இது எல்லா நெட்வொர்க் சாதனங்களையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், நீங்கள் எழுதிய மெட்ரிக் எண்கள், பிராட்பேண்ட் நுழைவு விவரம் ஆகியவற்றை மீண்டும் கொடுக்க வேண்டிவரும். விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ நேரலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் 5 நிமிடத்தில் கணினி தானே மறுதொடக்கம் ஆகிவிடும். திறந்திருக்கும் கோப்புகளை அதற்குள் சேமித்துவிடுங்கள். எழுந்ததும் கேபிளை மட்டும் செருகிச் சோதியுங்கள். அது சரியான பிறகு வைஃபை, அதற்கும் பிறகு ஹாட்ஸ்பாட் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால், மீண்டும் நின்றது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.